காவற்கருவியைக் காப்பது யார்? - விமானி அறைச் சோதனையின் வரலாறு

பறக்க வேண்டும் என்னும் வேட்கை மனித இனத்தோடு உடன்பிறந்தது. அவ்வேட்கை நிறைவேறிய வரலாற்றைப் பாடநூல்கள் விரிவாகவே கூறுகின்றன. 1903 ஆம் ஆண்டு டிசம்பர் 17 ஆம் நாள் ரைட் உடன்பிறப்புகள் பறந்த செய்தியை ஆரம்பப்பள்ளி மாணவரும் அறிவர். ஆனால், பறந்த மனிதன் பிழைத்திருக்கக் கற்றுக்கொண்ட வரலாறு அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அவ்வரலாற்றில் வெற்றி விழாக்கள் இல்லை. மாலை மரியாதைகள் இல்லை. ஒரு முகமூடி, ஒரு தீயணைப்புக் கருவி, ஒரு கோடரி, ஒரு கயிறு, ஓர் அட்டை ஆகிய எளிய பொருள்களே அதன் கதைமாந்தர்.

பயணிகள் வானூர்தியில் ஏறுவதற்கு நெடுநேரம் முன்னரே விமானிகள் இருவரும் அதன் மூக்குப் பகுதியிலுள்ள சிற்றறைக்குள் நுழைந்துவிடுகின்றனர். இயந்திரங்களை முடுக்குவதற்கு முன்னும், பாதையைக் கணிப்பதற்கு முன்னும் அவர்கள் செய்யும் பணி ஒன்று உண்டு. தாம் ஒருநாளும் பயன்படுத்த விரும்பாத கருவிகளை ஒவ்வொன்றாகத் தொட்டும் திருகியும் அவர்கள் சோதிக்கின்றனர். பெரும்பாலான விமானிகள் தம் பணிக்காலம் முழுவதும் அவற்றை உண்மையான ஆபத்தில் ஒருமுறைகூடக் கையாளாமலே ஓய்வு பெறுகின்றனர். அவ்வாறாயின், நாள்தோறும் இச்சோதனை எதற்கு? இவ்வினாவிற்கு விடை கூறுவது வரலாறே ஆகும்.

உயரத்தில் மறைந்திருந்த பகை

வானூர்தி தோன்றுவதற்கு முன்னரே மனிதன் பலூனில் ஏறி மேலே சென்றான். 1862 ஆம் ஆண்டு செப்டம்பர் 5 ஆம் நாள் இங்கிலாந்தின் உல்வர்ஹாம்டன் நகரிலிருந்து ஜேம்ஸ் கிளெய்ஷர் என்னும் அறிவியலாளரும் ஹென்றி காக்ஸ்வெல் என்னும் பலூன் வல்லுநரும் மேலெழுந்தனர். உயரம் கூடக் கூடக் கிளெய்ஷரின் பார்வை மங்கியது, கைகால்கள் செயலிழந்தன, இறுதியில் நினைவும் நீங்கியது. காக்ஸ்வெலின் கைகளோ குளிரால் விறைத்துப்போயிருந்தன. வளியை வெளியேற்றும் கயிற்றைக் கையால் இழுக்க இயலாத நிலையில், அவர் அதனைப் பல்லாற் கடித்து இழுத்தார். பலூன் இறங்கியது, இருவரும் உயிர் பிழைத்தனர்.

பதின்மூன்று ஆண்டுகள் கழிந்தன. 1875 ஆம் ஆண்டு ஏப்ரல் 15 ஆம் நாள் பாரிஸ் நகரிலிருந்து 'ஜெனித்' என்னும் பலூன் மூவரைச் சுமந்துகொண்டு எழுந்தது. தீசாந்தியே, குரோசே ஸ்பினெல்லி, சிவெல் என்பன அவர்தம் பெயர்கள். பால் பெர் என்னும் பிரெஞ்சு உடலியல் அறிஞரின் அறிவுரைப்படி, பிராணவாயு எனப்படும் உயிர்வளி கலந்த காற்றைப் பைகளில் அடைத்து உடன்கொண்டு சென்றனர். அந்த அளவு போதாது என்று பால் பெர் எச்சரித்து எழுதிய மடல் காலந்தாழ்ந்தே சென்று சேர்ந்தது. இருக்கின்ற சிறிதளவு வளியை உண்மையான தேவை வரும்போது பயன்படுத்தலாம் என்று மூவரும் எண்ணியிருந்தனர். ஆயின், தேவை வந்தபோது அதனை உணரும் அறிவும், குழாயை எட்டிப் பிடிக்கும் ஆற்றலும் அவர்களிடம் இல்லை. பலூன் எண்ணாயிரம் மீட்டருக்கும் மேலான உயரத்தைத் தொட்டு இறங்கியது. தீசாந்தியே மட்டுமே உயிரோடு மீண்டார். வளிப்பைகள் அவர்களின் தலைக்கு மேலேயே தொங்கிக்கொண்டிருந்தன.

இந்நிகழ்ச்சி இரண்டு உண்மைகளை உணர்த்திற்று. உயரத்தில் உயிர்வளிக் குறைவு வலியோடு வருவதில்லை; மயக்கும் இன்பம்போல வந்து முதலில் அறிவைக் கவர்கின்றது என்பது ஒன்று. காக்கும் கருவி அருகில் இருந்தால் மட்டும் போதாது. கை எட்டும் தொலைவில், உடனே இயங்கும் நிலையில், போதிய அளவில் இருத்தல் வேண்டும் என்பது மற்றொன்று. இன்றைய விமானி அறைச் சோதனைகளுக்கெல்லாம் இவ்விரண்டுமே அடித்தளமாகும்.

பட்டியல் பிறந்தது

சோதிக்க வேண்டும் என்று அறிந்தால் மட்டும் போதுமா? எதனை, எந்த வரிசையில், யார் சோதிப்பது என்பதற்கு ஒரு முறை வேண்டுமன்றோ? அம்முறை பிறந்ததும் ஒரு விபத்தின் சாம்பலிலிருந்தே.

1935 ஆம் ஆண்டு அக்டோபர் 30 ஆம் நாள் அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் ரைட் திடலிலிருந்து போயிங் நிறுவனத்தின் 299 என்னும் எண் பெற்ற வானூர்தி சோதனைப் பறப்புக்காக எழுந்தது. நான்கு இயந்திரங்கள் பூட்டிய பெரிய குண்டுவீச்சு வானூர்தி அது. அதனை ஓட்டியவர் மேஜர் ஹில். பட்டறிவில் அவர் எவர்க்கும் குறைந்தவர் அல்லர். எழுந்த சிறிது நேரத்திலேயே வானூர்தி செங்குத்தாக மூக்கை உயர்த்தி, வேகமிழந்து, தரையில் வீழ்ந்து தீப்பற்றியது. ஹில்லும் போயிங் நிறுவனத்தின் சோதனை விமானியான டவரும் உயிரிழந்தனர்.

இயந்திரம் எதுவும் பழுதுபடவில்லை. தரையில் நிற்கும்போது காற்று அசைத்துச் சேதப்படுத்தாதிருக்க வால் சுக்கானைப் பூட்டி வைப்பது வழக்கம். அப்பூட்டைத் திறக்க மறந்துவிட்டனர். அவ்வளவே! தேர்ந்த விமானியிடம் குறைந்தது திறமையன்று, நினைவு. ஒரு மனிதனின் நினைவில் தாங்கக்கூடிய அளவைக் கடந்து வானூர்தி வளர்ந்துவிட்டது என்பதை வல்லுநர்கள் உணர்ந்தனர். அதற்கு அவர்கள் கண்ட மருந்து, புதிய இயந்திரமோ நீண்ட பயிற்சியோ அன்று. செய்ய வேண்டியவற்றை வரிசையாக எழுதிய ஒரு பட்டியல். அப்பட்டியலோடு பறந்த அதே வகை வானூர்திதான் பின்னாளில் 'பி 17' என்னும் பெயரில் இரண்டாம் உலகப்போரில் ஆயிரக்கணக்கில் பறந்தது.

காலப்போக்கில் இப்பட்டியலைப் படிக்கும் முறையும் செம்மையுற்றது. ஒருவர் பொருளின் பெயரைப் படிப்பார். மற்றவர் அதனைக் கண்ணால் கண்டு, கையால் தொட்டு, அதன் நிலையைச் சொல்வார். வகுப்பில் வருகைப் பதிவேட்டைப் படிக்கும் ஆசிரியரும் விடையளிக்கும் மாணவரும் போன்றது இது. ஆசிரியர் தலைநிமிர்ந்து முகத்தைப் பார்த்துப் பதிந்தால் அது வருகைப் பதிவு. குனிந்த தலை நிமிராமல் குரலை மட்டும் கேட்டுப் பதிந்தால், வராத மாணவனும் வந்தவனாகிவிடுவான். இவ்வேறுபாட்டின் விலை எவ்வளவு என்பதைப் பின்னர்க் காணலாம்.

அழுத்தம் ஊட்டப்பெற்ற அறை

1940 ஆம் ஆண்டு போயிங் 307 என்னும் வானூர்தி பயணிகள் சேவைக்கு வந்தது. உள்ளே காற்றழுத்தம் ஊட்டப்பெற்ற முதல் பயணிகள் வானூர்தி அதுவே. 1952 ஆம் ஆண்டு மே 2 ஆம் நாள் 'காமெட்' என்னும் தாரை வானூர்தி இலண்டனிலிருந்து ஜொகானஸ்பர்க் நோக்கிப் பயணிகளோடு புறப்பட்டது. அவ்வாண்டு அக்டோபரிலேயே அது சிங்கப்பூருக்கும் வரத்தொடங்கியது. கப்பலில் வாரக்கணக்கில் பயணம் செய்து பழகிய மலாயா மக்களுக்கு அது பெருவியப்பாக இருந்திருக்கும்.

தாரை வானூர்திகள் முப்பத்தைந்தாயிரம் அடி, நாற்பதாயிரம் அடி எனப் பறக்கின்றன. வெளியே உறைபனியினும் கொடிய குளிர். மூச்சுக்குப் பற்றாத மெல்லிய காற்று. உள்ளேயோ ஏறத்தாழ எண்ணாயிரம் அடி உயரமுள்ள மலைமீது இருப்பது போன்ற அழுத்தம் நிலவுகின்றது. இவ்விரண்டையும் பிரிப்பது ஒரு மெல்லிய உலோகத் தகடே. அதில் பிளவு ஏற்பட்டு அழுத்தம் வெளியேறினால், முப்பத்தைந்தாயிரம் அடி உயரத்தில் மனிதன் தெளிந்த அறிவோடு செயற்படக்கூடிய நேரம் அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரையே. நாற்பதாயிரம் அடியில் அஃது இருபது வினாடிக்கும் குறைவாகலாம்.

ஆகவேதான் விமானியின் முகமூடி பயணிகளின் முகமூடியினின்றும் வேறுபட்டது. ஒரு கையால் எடுத்து, ஐந்து வினாடிக்குள் அணிந்துவிடத்தக்கதாக அஃது இருத்தல் வேண்டும் என அமெரிக்க விதி கூறுகின்றது. விமானியின் பக்கத்திலுள்ள பெட்டியில் அது மடித்து வைக்கப்பட்டிருக்கும். சிவப்பு நிறப் பிடிகளை அழுத்தி வெளியே இழுத்தால், தலைக்கச்சு காற்றால் உப்பி விரியும். தலைமேல் வைத்துப் பிடியை விட்டதும் சுருங்கி இறுகப் பற்றிக்கொள்ளும். மறு கை வானூர்தியை ஓட்டிக்கொண்டே இருக்கலாம். முகமூடிக்குள்ளேயே ஒலிவாங்கியும் உண்டு. 'ஜெனித்' பலூனில் கை எட்டாமற்போன அந்தச் சில அங்குலங்களுக்கு மனித அறிவு கண்ட விடை இது.

அறையினுள் ஒரு நோட்டம்

பறப்பதற்கு முன் இம்முகமூடியைச் சோதிக்கும் முறை எளிது போலத் தோன்றும். பெட்டியின் மேலுள்ள சோதனைப் பொத்தானை அழுத்தினால், சிறு சாளரத்தில் மஞ்சள் நிறக் குறி ஒருகணம் தோன்றி மறையும். வளி வருகின்றது என்பதற்கு அஃது அடையாளம். ஒலிவாங்கி வழியே 'உஸ்' என்னும் ஓசையும் கேட்கும். இத்துடன் நிறுத்திக்கொள்ளலாமா என்றால், கூடாது.

உயிர்வளி உருளை விமானி அறையில் இருப்பதில்லை. வானூர்தியின் அடிப்பகுதியில் இருக்கின்றது. பழுதுபார்ப்பவர் அதன் அடைப்பை மூடிவிட்டுத் திறக்க மறந்திருந்தால், குழாயில் எஞ்சிய வளியே சோதனையின்போது சிறிது நேரம் வெளிவரும். மஞ்சள் குறியும் தோன்றும்; ஓசையும் கேட்கும். வானத்தில் இரண்டு மூச்சு இழுத்தபின் குழாய் வறண்டுவிடும்! ஆகவே, போயிங் 737 வகை வானூர்தியில் பொத்தானை ஐந்து வினாடி அழுத்திப் பிடித்தவாறே அழுத்தமானியின் முள்ளையும் நோக்குமாறு விதித்துள்ளனர். முள் விரைந்து கீழிறங்கினால் அடைப்பு முழுமையாகத் திறக்கப்படவில்லை என்பது பொருள். ஒரு வினாடிச் சோதனை பொய் கூறும். ஐந்து வினாடிச் சோதனை மெய் கூறும். இச்சிறு விதியில் எத்துணை அறிவு பொதிந்திருக்கின்றது!

முகமூடியில் மூன்று நிலைகள் உண்டு. முதல் நிலையில் அறைக்காற்றும் உயிர்வளியும் கலந்து வரும். இரண்டாம் நிலையில் நூற்றுக்கு நூறு உயிர்வளியே வரும். மூன்றாம் நிலையில் வளி அழுத்தத்தோடு பாய்ந்து புகையை உள்ளே புகவொட்டாது தடுக்கும். புகை சூழ்ந்த வேளையில் முகமூடி முதல் நிலையில் இருந்தால், விமானி நச்சுப் புகையையும் சேர்த்தே உள்ளிழுப்பார். எனவே, புறப்படும் முன்னரே அதனை இரண்டாம் நிலையில் வைத்துவிடுகின்றனர்.

அடுத்தது தீயணைப்புக் கருவி. அதன் அழுத்தமானி முள் பச்சைப் பகுதியில் நிற்கின்றதா, பாதுகாப்பு ஊசி இருக்கின்றதா, முத்திரை அறுபடாதுள்ளதா, காலாவதி நாள் கடந்துவிட்டதா எனப் பார்க்க வேண்டும். புகைக்காப்பு முக்காடு காற்றுப் புகாத உறையில் இருக்கும். தலை முழுவதையும் மூடும் அஃது ஏறத்தாழப் பதினைந்து நிமிடம் மூச்சுக்கு வழி செய்யும். உறை கிழியாதிருக்க வேண்டும்; ஈரம் புகுந்ததைக் காட்டும் நிறக்குறி மாறாதிருக்க வேண்டும். கோடரி, கதவை உடைப்பதற்கு மட்டும் அன்று. சுவர்த்தகட்டைப் பெயர்த்து அதன் பின்னே மறைந்தெரியும் தீயைக் கண்டுபிடிப்பதற்கும் உரியது. இருக்கைக்கடியில் மிதவை அங்கி, கைவிளக்கு, தீக்கையுறை ஆகியனவும் அவற்றிற்குரிய இடத்தில் இருத்தல் வேண்டும்.

சாளரத்தின் மேலே ஒரு கயிறும் உண்டு. கதவு வழியே வெளியேற இயலாதபோது விமானிகள் அதனைப் பற்றி இறங்குவர். பெரிய போயிங் 747 வகையில் கூரைத் திறப்பும், மெல்ல இறக்கும் கம்பிச்சுருளும் உண்டு. 1986 ஆம் ஆண்டு செப்டம்பர் 5 ஆம் நாள் மும்பையிலிருந்து வந்த பான் அமெரிக்கன் வானூர்தியைக் கராச்சி நிலையத்தில் ஆயுதந்தாங்கியோர் கைப்பற்றினர். நீர்ஜா பானோட் என்னும் பணிப்பெண் உரிய நேரத்தில் விமானி அறைக்கு எச்சரிக்கை தந்தார். விமானிகள் கூரைத் திறப்பின் வழியே கம்பிச்சுருளைப் பற்றித் தரையிறங்கினர். ஓட்டுவாரின்றி வானூர்தி நின்ற இடத்திலேயே நின்றது. பயணிகளைக் காக்கும் முயற்சியில் நீர்ஜா உயிர் ஈந்தார். இந்திய அரசு அவருக்கு அசோகச் சக்கர விருது வழங்கிற்று. யாரும் பயன்படுத்தமாட்டார் என்று எண்ணத்தக்க ஒரு கம்பிச்சுருள் அன்று ஒரு வானூர்தி கடத்தப்படாமல் தடுத்தது.

அணைக்க வந்தது மயக்கியது

தீயணைப்பு வரலாற்றிலும் கண்ணீர் உண்டு. தொடக்க காலத்தில் கார்பன் டெட்ராகுளோரைடு என்னும் நீர்மத்தைக் கருவிகளில் நிரப்பினர். அது தீயை அணைக்கும். ஆனால், வெப்பம் பட்டால் கொடிய நச்சுவளியாக மாறும். சிறிய அறைக்குள் அதனைப் பயன்படுத்துவது தீயினும் கேடாயிற்று.

கரியமில வாயுவோ வேறு வகையில் உயிர் குடித்தது. 1948 ஆம் ஆண்டு ஜூன் 17 ஆம் நாள் டக்ளஸ் டிசி 6 வகை வானூர்தியொன்று அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தின்மேல் பறந்தது. சரக்கறையில் தீ என்று எச்சரிக்கை விளக்கு காட்டியது. விமானிகள் கரியமில வாயுவை அவ்வறைக்குள் செலுத்தினர். அவ்வாறு செலுத்துமுன் அழுத்தத்தை வெளியேற்றும் அடைப்புகளைத் திறக்க வேண்டும் என்பது விதி. அவை திறக்கப்படவில்லை. வாயு கசிந்து விமானி அறையில் நிறைந்து ஓட்டுவோரை மயக்கியது. வானூர்தி மவுண்ட் கார்மல் என்னும் ஊரருகே வீழ்ந்து, அதிலிருந்த 43 பேரும் மாண்டனர். எச்சரிக்கை விளக்கோ பொய்யானது. சரக்கறையில் தீயே இல்லை!

கருவி நல்லதாயினும் அதனைப் பயன்படுத்தும் ஒழுங்கு தவறினால் அதுவே கூற்றுவனாகும் என்பதை இவ்விபத்து கற்பித்தது. பின்னர், சிற்றறையில் பயன்படுத்தினாலும் மனிதருக்குக் கேடு குறைந்த 'ஹேலான்' என்னும் பொருள் வழக்கிற்கு வந்தது. வானத்தின் ஓசோன் படலத்தை அது சிதைக்கின்றது என அறிந்த உலக நாடுகள், 1987 ஆம் ஆண்டு மாண்ட்ரியல் உடன்படிக்கையின் வழி அதன் உற்பத்தியைக் கட்டுப்படுத்தின. வளர்ந்த நாடுகளில் 1994 முதல் அதன் உற்பத்தி நின்றது. அதனால், மாற்றுப் பொருள் நிரப்பிய கருவிகளும் விமானி அறைக்கு வந்தன.

புகை கற்பித்த பாடங்கள்

1973 ஆம் ஆண்டு ஜூலை 11 ஆம் நாள் பிரேசில் நாட்டு வாரிக் நிறுவனத்தின் போயிங் 707 வானூர்தி பாரிஸ் நகரை நெருங்கியபோது பின்புறக் கழிவறையில் தீ மூண்டது. விமானி அறையில் புகை மண்டி, கருவிகளே கண்ணுக்குப் புலப்படவில்லை. விமானிகள் முகமூடி அணிந்து, பக்கச் சாளரங்களைத் திறந்து, வெளியே பார்த்தவாறே ஒரு வயல்வெளியில் வானூர்தியை இறக்கினர். தரையைத் தொட்டபோது வானூர்தி முற்றும் சிதையவில்லை. எனினும், பயணிகளுள் பெரும்பாலோர் புகையால் முன்னரே மூச்சடைத்திருந்தனர். 134 பேரில் 11 பேரே பிழைத்தனர். அவர்களுள் பத்துப் பேர் பணியாளர், ஒருவர் பயணி. இதன்பின் கழிவறைகளில் புகைபிடித்தலைத் தடுக்கும் விதிகள் வந்தன.

பத்தாண்டுகள் கழிந்து, 1983 ஆம் ஆண்டு ஜூன் 2 ஆம் நாள் ஏர் கனடா நிறுவனத்தின் டிசி 9 வானூர்தியிலும் கழிவறைப் பகுதியில் தீ தோன்றியது. நிலைமையைக் காண்பதற்குத் துணை விமானி பின்னே சென்றார். அவரிடம் புகைக்கண்ணாடியும் இல்லை. எடுத்துச் செல்லத்தக்க மூச்சுக்கருவியும் இல்லை. புகையின் கடுமையால் கழிவறையை அணுகவியலாது திரும்பினார். கண்ணாடி அணிந்து இரண்டாம் முறை சென்ற பின்னரே, கதவின் வெப்பத்தைத் தொட்டறிந்து, உடனே இறங்க வேண்டும் என உணர்ந்தார். அதற்குள் பொன்னான நிமிடங்கள் கழிந்துவிட்டன. வானூர்தி சின்சினாட்டி நிலையத்தில் பத்திரமாகவே இறங்கியது. ஆயினும், கதவுகள் திறந்த ஓரிரு நிமிடத்திற்குள் தீ உள்ளே பேரலையாய்ப் பரவியது. 46 பேரில் 23 பேர் மடிந்தனர்.

இம்மரணங்கள் வீண்போகவில்லை. கழிவறைகளில் புகையுணர் கருவிகள் பொருத்தப்பட்டன. நடைபாதையின் தரையோரத்தில் விளக்குகள் வந்தன. தீயோடு போராடும் பணியாளர்க்குப் புகைக்காப்பு மூச்சுக்கருவி வேண்டும் என்னும் விதியை 1987 ஆம் ஆண்டு அமெரிக்கா விரிவாக வகுத்தது. இன்று விமானி அறையில் சோதிக்கப்படும் அந்த உறையிட்ட முக்காட்டிற்குப் பின்னே இத்தகைய வரலாறு நிற்கின்றது.

எல்லாக் கருவியும் இருந்தும், விதிப்படியே நடந்தும் காக்க முடியாத நேரங்களும் உண்டு என்பதை மறைத்தல் தகாது. 1998 ஆம் ஆண்டு செப்டம்பர் 2 ஆம் நாள் சுவிஸ் ஏர் நிறுவனத்தின் எம்டி 11 வானூர்தி கனடாவின் கடற்கரையருகே வீழ்ந்து 229 பேர் மாண்டனர். விமானி அறைக் கூரைக்கு மேலே மறைவில் எழுந்த தீயே காரணம். முதல் மணம் மூக்கை எட்டியதிலிருந்து கடலில் வீழ்ந்தது வரை கழிந்த நேரம் ஏறத்தாழ இருபது நிமிடம். நான்காண்டுக்கு மேல் ஆராய்ந்த வல்லுநர்கள், தீயைப் பரப்பிய காப்புப் போர்வையை மாற்றவும், தோற்றுவாய் அறியாத புகை எனில் காலம் தாழ்த்தாது இறங்க ஆயத்தமாகவும் அறிவுறுத்தினர்.

2010 ஆம் ஆண்டு செப்டம்பர் 3 ஆம் நாள் துபாயிலிருந்து எழுந்த சரக்கு வானூர்தியொன்றில் லித்தியம் மின்கலங்கள் இருந்த சரக்குப் பகுதியில் தீ மூண்டது. விமானிகள் இருவரும் முகமூடி அணிந்தனர். சிறிது நேரத்தில் தலைமை விமானியின் முகமூடிக்கு வளி வருவது நின்றது. வெப்பத்தால் அதன் குழாய் இணைப்பு பழுதுபட்டிருந்தது. அவர் வேறு வளி தேடி இருக்கையை விட்டெழுந்தார், மீண்டு வரவில்லை. துணை விமானி தனியராய், கருவிகளைக் காணவியலாத புகைக்குள் போராடி மாண்டார். தீயின் நடுவே வேலை செய்யவேண்டிய கருவியைத் தீயே முதலில் வென்றுவிடக் கூடாதன்றோ?

கண் பார்த்தும் காணாதது

இனி, வருகைப் பதிவேட்டின் உவமைக்கு வருவோம். 2005 ஆம் ஆண்டு ஆகஸ்டு 14 ஆம் நாள் சைப்ரஸ் நாட்டு ஹீலியோஸ் நிறுவனத்தின் போயிங் 737 வானூர்தி லார்னகாவிலிருந்து ஏதென்ஸ் நோக்கி எழுந்தது. அன்று விடியுமுன் பொறியாளர்கள் காற்றழுத்தக் கசிவைச் சோதிப்பதற்காக ஒரு திருகியைத் 'தானியங்கி' நிலையினின்றும் 'கைமுறை' நிலைக்கு மாற்றியிருந்தனர். சோதனை முடிந்தது, திருகி மாற்றிய நிலையிலேயே நின்றது.

விமானிகள் பட்டியலைப் படிக்காமல் இல்லை. அறையை ஆயத்தஞ்செய்யும்போது ஒருமுறை, இயந்திரத்தை முடுக்குமுன் ஒருமுறை, மேலெழுந்தபின் ஒருமுறை என மூன்று வாய்ப்புகள் இருந்தன. மூன்றிலும் திருகி கண்ணிற்குத் தப்பிவிட்டது. ஒவ்வொரு நாளும் சரியாக இருந்த ஒன்று இன்றும் சரியாகவே இருக்கும் எனக் கண் முன்கூட்டியே முடிவு செய்துவிடுகின்றது. அது பார்ப்பது பொருளையன்று, பழக்கத்தை.

வானூர்தி உயர உயர உள்ளே காற்று மெலிந்தது. எச்சரிக்கை ஒலி முழங்கியது. ஆனால், தரையில் புறப்பாட்டுக் குறையைக் காட்டும் ஒலியும் அதே ஒலிதான்! விமானிகள் அதனை வேறாகப் பொருள்கொண்டு, தரையிலுள்ள பொறியாளரோடு உரையாடினர். கை எட்டும் தொலைவில் முகமூடிகள் இருந்தன. அவர்கள் அவற்றை அணியவில்லை. உயிர்வளிக் குறைவு அறிவை முதலில் கவரும் என்பது 1875 ஆம் ஆண்டிலேயே அறிந்த உண்மை. மயங்கிய விமானிகளோடு வானூர்தி தானே பறந்து, ஏதென்ஸ் வானில் வட்டமிட்டது. பயணிகளின் முகமூடிகளுக்கு ஏறத்தாழப் பன்னிரண்டு நிமிடத்திற்கே வளி இருந்தது. எரிபொருள் தீரும் வேளையில், கையுருளையால் மூச்சு விட்டுக்கொண்டிருந்த பணியாளர் ஒருவர் விமானி அறைக்குள் நுழைந்து போராடினார். காலம் கடந்துவிட்டது. கிரேக்க நாட்டின் மலைச்சரிவில் 121 பேரும் மாண்டனர்.

காவலனே பகைவனாதல்

காவற்கருவியே சில வேளைகளில் ஆபத்திற்குக் காரணமாகிவிடுவதும் உண்டு. உயிர்வளி தானே எரிவதில்லை. ஆயின், எரிவதனைப் பன்மடங்கு பெருக்கும். அதன் இணைப்புகளில் எண்ணெயோ கொழுப்போ படக்கூடாது எனப் பழுதுபார்ப்போர்க்குக் கண்டிப்பான விதி இருப்பது இதனாலேயே. 2008 ஆம் ஆண்டு ஜூலை 25 ஆம் நாள் ஹாங்காங்கிலிருந்து மெல்பர்ன் சென்ற குவாண்டஸ் போயிங் 747 வானூர்தியின் சரக்கறையில் இருந்த உயிர்வளி உருளையொன்று வெடித்து, வானூர்தியின் உடலில் பெருந்துளையிட்டது. அது மணிலாவில் இறங்கியது, யாருக்கும் ஊறில்லை.

2011 ஆம் ஆண்டு ஜூலை 29 ஆம் நாள் கெய்ரோ நிலையத்தில் புறப்பட ஆயத்தமாக நின்ற எகிப்து ஏர் போயிங் 777 வானூர்தியில், துணை விமானியின் முகமூடிப் பெட்டி இருந்த பகுதியிலிருந்து தீ பீறிட்டது. அறையிலிருந்த தீயணைப்புக் கருவியால் அதனை அணைக்க இயலவில்லை. பயணிகள் அனைவரும் வெளியேற்றப்பட்டனர், ஒருவரும் உயிரிழக்கவில்லை. வானூர்தியோ மீண்டும் பறக்கவில்லை. மின்சாரம் கடத்தக்கூடிய உலோகச் சுருள் கொண்ட வளிக்குழாய்களின் மீது ஐயம் எழுந்தது. அத்தகைய குழாய்களை மாற்றுமாறு அமெரிக்க அதிகாரிகள் ஆணையிட்டனர். அத்தீ வானத்தில் மூண்டிருந்தால் என்னாகியிருக்கும் என்பதை எண்ணவும் உள்ளம் நடுங்குகின்றது.

நிறைவாக

இவ்வரலாற்றைத் தொகுத்து நோக்கினால் மூன்று படிகள் புலனாகின்றன. முதலில் மனிதன் கருவியைச் செய்தான். பின்னர் அக்கருவியைச் சோதிக்கும் பட்டியலைச் செய்தான். இறுதியில், பட்டியலைப் படிக்கும் தன் மனத்தையே சோதிக்க வேண்டும் என்று கற்றான். முதலிரண்டையும் தொழிற்சாலையும் அச்சகமும் தந்துவிடும். மூன்றாவதை எந்த நிறுவனமும் விற்பதில்லை. நாள்தோறும் சரியாகவே இருக்கும் ஒரு முள்ளை, இன்று தவறாக இருக்கக்கூடும் என்னும் எண்ணத்தோடு நோக்கும் பழக்கம் அது.

வள்ளுவர் அரசியலில் 'பொச்சாவாமை' என்று ஓர் அதிகாரமே வகுத்தார். மகிழ்ச்சியாலும் பழக்கத்தாலும் கடமையை மறந்துவிடாமையை அரசனின் இலக்கணத்துள் ஒன்றாக்கிய அப்பெருந்தகையின் நுண்மாண் நுழைபுலம் வியத்தற்குரியது. முந்நூறு உயிர்களைச் சுமந்து செல்பவனும் அந்தச் சில மணி நேரத்திற்கு ஓர் அரசனே அல்லனோ?

வகுப்பறை ஓரத்தில் தொங்கும் தீயணைப்புக் கருவியின் முள்ளைக் கடைசியாகப் பார்த்தவர் யார் என்று ஒரு மாணவன் கேட்டால், அவனுக்கு விடை கூற ஆசிரியர் ஒருவர் இருத்தல் வேண்டும். வெள்ளம் வருமுன் அணை போடுதல் அறிவுடைமை. போட்ட அணையில் ஓட்டை விழுந்துள்ளதா எனப் பார்த்தல் அதனினும் மேலான அறிவுடைமை ஆகும்.